பதினாறு அமர்வும் ஒரு கைபேசியும்: துக்கத்துக்கான சிகிச்சையை நாவலில் எழுதுவது எப்படி?

பெரம்பூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகன் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. வயது 23. மதுரவாயல் பைபாஸில் இரவு நேரத்தில் பைக் விபத்து. அம்மா தினமும் படுக்கும் முன் அவனுடைய கைபேசியைச் சார்ஜில் போடுகிறாள். 28 நாளைக்கு ஒருமுறை தெருமுனைக் கடையில் அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்கிறாள். கடைப் பையனுக்கு விஷயம் தெரியும், ஒன்றும் கேட்பதில்லை. அப்பாவுக்கும் தெரியும். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

இது இன்னும் யாரும் எழுதாத ஒரு நாவலின் தொடக்கம். இழப்பையும் அதற்கான மனநல சிகிச்சையையும் கதையாக்க நினைப்பவர்களுக்கும், அப்படிப்பட்ட கதைகளை வாசிப்பவர்களுக்கும் இந்த வீட்டையே உதாரணமாக வைத்து விளக்கலாம்.

பெரும்பாலான கதைகள் இந்த இடத்திலிருந்து நேராக ஓர் அழுகைக் காட்சிக்குப் போய்விடும். யாரோ ஒருவர் அம்மாவைக் கவுன்சிலிங்குக்கு அழைத்துப் போவார். எதிரே இருப்பவர் ஆழமாக ஒன்று சொல்வார். அவள் உடைந்து அழுவாள். மறுநாள் கைபேசி அணைக்கப்பட்டு பீரோவுக்குள் போகும். துக்க சிகிச்சையில் அழுகை நிறைய வரும் என்பது உண்மை. ஆனால் ஒருவர் தேறுவது அழுத அந்த நிமிடத்தில் இல்லை. அழுகைக்குப் பின் மீதமிருக்கும் பத்து நிமிடத்தில் என்ன செய்தார்கள், அடுத்த அமர்வு வரையிலான ஆறு நாளை அவள் எப்படிக் கழித்தாள் என்பதில்தான் இருக்கிறது. நாவல் போக வேண்டிய இடமும் அதுதான்.

ஐந்து படிகள் எங்கிருந்து வந்தன

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்தையும் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1969இல் எலிசபெத் கூப்லர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் இதை எழுதினார். சிகாகோ மருத்துவமனையில் தாமே மரணத்தை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளிடம் பேசி அவர் கண்டது அது. ஒருவரை இழந்து வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியது அல்ல. பிறகுதான் அது இழந்தவர்களுக்கும் பொருத்தப்பட்டது. துக்கம் இந்த வரிசையில்தான் நகர்கிறது என்று அதற்குப்பின் வந்த ஆய்வுகள் காட்டவில்லை.

இதனால் நடைமுறையில் வரும் கெடுதல் சின்னது அல்ல. "இவ இன்னும் ஏத்துக்கவே இல்ல" என்று உறவினர்கள் மதிப்பெண் போடத் தொடங்குகிறார்கள். இழந்தவரும் தனக்குக் கோபமே வரவில்லையே, தன் அன்பில் குறையோ என்று குழம்புகிறார். நாவலை ஐந்து பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு படியைத் தலைப்பாக வைத்தால் கதைமாந்தர்கள் தலைப்புக்கு ஏற்றபடி நடிக்க வேண்டியதாகிவிடும்.

1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் வாழ்க்கைக்கு நெருக்கமானது. துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கத்துக்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கிறார். ஒரு பக்கம் இழப்பு: புகைப்படம் பார்ப்பது, அழுவது, அந்த ராத்திரியை நினைப்பது. மறுபக்கம் வாழ்க்கையை ஒப்பேற்றுவது: கேஸ் சிலிண்டருக்குப் புக் செய்வது, வாரிசுச் சான்றிதழுக்கு அலைவது, தங்கை மகளின் வளைகாப்புக்குப் போகலாமா என்று யோசிப்பது. காலையில் மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசியவள் பத்தரைக்கு அடுப்படியில் சரிந்து உட்காருவாள். இரண்டுமே துக்கம்தான். போய்வருவது நின்று ஒரே பக்கத்தில் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்ளும்போதுதான் கவலைப்பட வேண்டும்.

நம் பெரம்பூர் வீட்டின் சண்டையும் இங்கேதான் இருக்கிறது. அப்பா இரண்டாம் பக்கத்தில் குடியிருக்கிறார். எஃப்ஐஆர் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இன்சூரன்ஸ் என்று ஒரு பைல் வைத்திருக்கிறார். உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறுவழக்குகள் நீதிமன்றத்தில்தான் சென்னையின் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடக்கின்றன. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தவறாமல் போகிறார். அம்மாவுக்கு இது மகனை மறந்துவிட்ட மனிதரின் சுறுசுறுப்பாகத் தெரிகிறது. அவருக்கோ அந்தப் பைல்தான் மகனுக்காகச் செய்யக் கிடைத்த ஒரே வேலை. ஒருநாள் வக்கீல் கணக்கை விளக்குகிறார். உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்த முறைப்படி, கல்யாணம் ஆகாத பையன் என்பதால் பொதுவாக ஆண்டு வருமானத்தில் பாதியை அவனுடைய சொந்தச் செலவு என்று கழித்துவிட்டு, 21 முதல் 25 வரையிலான வயதுக்கு உரிய 18ஆல் பெருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அவர் இதை மனைவியிடம் சொல்கிறாரா, சொல்லாமல் விடுகிறாரா? சிகிச்சை அறையை விடவும் கனமான காட்சி அது. எழுதுபவர்கள் அதை விட்டுவிடக் கூடாது.

எப்போது இது சிகிச்சைக்கு உரியது

இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு எந்தச் சிகிச்சையும் தேவைப்படாது. நேரமும், பக்கத்தில் மனிதர்களும், ஓரளவு தூக்கமும் இருந்தால் துக்கம் தானே இடம் மாறிக்கொள்ளும். இறந்த பத்தாம் நாளே ஒருவரைக் கவுன்சிலிங்குக்கு இழுத்துப் போவதால் பயன் இல்லை. அதிர்ச்சி நடந்த சூட்டோடு உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் ஒற்றை அமர்வு முறையைப் பற்றிய ஆய்வுகள், அது பிற்காலப் பாதிப்பைத் தடுப்பதில்லை என்றே சொல்கின்றன. சிலருக்கு அது கெடுதலும் செய்திருக்கிறது.

நீடித்த துக்கக் கோளாறு என்ற பெயர் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் இடம்பெற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது 6 மாதம் கடந்திருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. அதே ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலும் அது சேர்ந்தது. அங்கே பெரியவர்களுக்கு 12 மாதம், குழந்தைகளுக்கு 6 மாதம். காலம் மட்டும் போதாது. இறந்தவருக்கான ஏக்கமோ அவரைப் பற்றிய நினைப்போ நாள் முழுக்க விடாமல் இருக்க வேண்டும். அதோடு, தன்னில் ஒரு பகுதி போய்விட்டது போன்ற உணர்வு, நம்ப முடியாமை, நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, மரத்துப்போவது, இனி எதற்கு என்ற வெறுமை போன்றவை சேர்ந்து அன்றாட வாழ்க்கையை முடக்க வேண்டும். அந்தச் சமூகத்தின் வழக்கம் எதிர்பார்ப்பதைத் தாண்டியதாகவும் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனை நமக்கு முக்கியம். இறந்தவரோடு உறவைத் தொடர்வது நம் ஊரில் நோய்க்குறி அல்ல. சந்தனம் வைத்து மாலை போட்ட படம், அமாவாசைக்குக் காக்கைக்கு வைக்கும் சோறு, ஆடி அமாவாசையில் மெரினாவிலும் மயிலாப்பூர்க் குளக்கரையிலும் தர்ப்பணம், நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைகளில் ஏற்றும் மெழுகுவர்த்தி என இந்த நகரமே இறந்தவர்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது. மேற்கில் 1917இல் ஃபிராய்டு எழுதியதன் செல்வாக்கால், இறந்தவரிடமிருந்து மனத்தைப் பிரித்தெடுப்பதே துக்கத்தின் வேலை என்ற எண்ணம் நெடுநாள் ஆட்சி செய்தது. தொடரும் பந்தம் என்பதும் இயல்பானதே என்று ஆய்வாளர்கள் அழுத்திச் சொல்ல 1996 ஆயிற்று.

ஆகவே கைபேசியைச் சார்ஜ் போடுவதே நோய் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு நல்ல சிகிச்சையாளர் அதைப் பிடுங்கப் பார்க்க மாட்டார். மெல்ல ஒரு கேள்வி கேட்பார்.

"ஒரு நாள் சார்ஜ் போடாம விட்டுட்டா என்ன ஆகும்னு மனசுல தோணுதும்மா?"

"அவன் போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு" என்று பதில் வந்தால் அது பந்தம். "அவன் வந்து பாக்கறப்போ போன் செத்துக் கிடக்கக் கூடாது" என்று வந்தால், அவளுக்குள் ஒரு மூலை இன்னும் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறது. பதினான்கு மாதமாக மதுரவாயல் பக்கமே போகாமல், அக்கா வீட்டுக்குப் போக வேண்டுமென்றால்கூட மூன்று பஸ் மாறிச் சுற்றிப் போகிறாள் என்பதும் சேரும்போது படம் தெளிவாகிறது.

அறைக்குள்

நீடித்த துக்கத்துக்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட முறைகளில் ஒன்று அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் உருவாக்கியது. வாரம் ஒன்றாக ஏறத்தாழ 16 அமர்வு. ஓர் அமர்வு 45 அல்லது 50 நிமிடம்.

முதல் அமர்வில் அறிவுரை எதுவும் இருக்காது. யார் இறந்தது, அவர் எப்படிப்பட்டவர், செய்தி எப்படி வந்தது, யார் சொன்னார்கள், முகத்தைப் பார்த்தீர்களா, தூக்கம் எப்படி, வீட்டில் யாராவது குடிக்கிறார்களா என்று கேட்பார்கள். தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேராகவே கேட்பார்கள். "அவன் போன இடத்துக்கே போயிடலாம்னு தோணுதா? அதுக்கு ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கீங்களா?" இப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அது தவறு. கேட்டவுடன் பலருக்கு மனப்பாரம் கொஞ்சம் இறங்கும்.

இறந்தவர் பெயரைக் கேட்டு, அமர்வு முழுக்க அந்தப் பெயரையே சொல்வதும் முக்கியம். உறவினர்கள் பயந்துபோய்ப் பெயரையே தவிர்க்கும் வீட்டிலிருந்து வருகிறவளுக்கு, ஒரு வெளி மனுஷி தன் மகன் பெயரைச் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்பதே பெரிது.

முதல் வாரமே ஒரு தாள் கொடுப்பார்கள். அன்றன்று துக்கம் எப்போது அதிகம், எப்போது குறைவு என்று 0 முதல் 10 வரை எண் போட்டு, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதப் பழக்கம் இல்லாதவருக்கு மகளோ மருமகளோ எழுதலாம், கைபேசியில் குரலாகவும் பதியலாம். இரண்டாவது வாரத்தில் அவள் பார்த்து அதிசயிப்பது: ‘வெள்ளி மாலை 4 மணி, அடுத்த வீட்டுக் குழந்தைக்குத் தலை பின்னியபோது, 3’. எப்போதும் பத்துதான் என்று நம்பியிருந்தவளுக்கு அந்த மூன்று ஒரு குற்ற உணர்வாகவே முதலில் வரும். மூன்றாம் அமர்வில் நெருங்கிய ஒருவரையும் வரச் சொல்வார்கள். நம் கதையில் அப்பா வருவார், பைலோடு.

நான்காம் அமர்வு வாக்கில்தான் கடினமான பகுதி தொடங்கும். கண்ணை மூடி, செய்தி வந்த அந்த நேரத்தை, இப்போது நடப்பதுபோலச் சொல்ல வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம். இடையிடையே "இப்ப எவ்வளவு?" என்று மட்டும் கேட்பார்கள், 0 முதல் 100 வரை ஓர் எண் சொல்ல வேண்டும்.

"பதினொன்னே முக்கால். தோசைமாவு எடுத்து வெளிய வெச்சிருக்கேன். போன் போடறேன். ரிங் போகுது. யாரோ எடுக்கறாங்க. அவன் இல்ல. வேற ஆம்பள குரல். வண்டிச் சத்தம் கேக்குது..."

"இப்ப எவ்வளவும்மா?"

"தொண்ணூறு."

"நான் இங்கதான் இருக்கேன். அப்புறம்?"

முடிந்ததும் கண்ணைத் திறக்கச் சொல்லி, என்ன கவனித்தீர்கள் என்று கேட்டுப் பேசுவார்கள். அதன்பிறகு அந்தக் காட்சியை மனத்தளவில் சுருட்டி எடுத்துவைக்கும் ஒரு பயிற்சி உண்டு, ஓடிய டேப்பைப் பின்னுக்குச் சுற்றி வைப்பதுபோல. அன்று வீட்டுக்குப் போய்த் தனக்குப் பிடித்த சின்ன விஷயம் ஒன்று செய்ய வேண்டும் என்பதும் பேசி முடிவாகும். சொன்னது பதிவு செய்யப்பட்டிருக்கும். வீட்டில் தினமும் கேட்க வேண்டும். வாரங்கள் போகப் போக அதே கதை மாறும். முதலில் வராத விவரங்கள் வரும். தொண்ணூறு அறுபதாகும், நாற்பதாகும். நடுவில் ஒரு வாரம் திரும்ப எண்பதுக்கும் ஏறும்.

தவறுகள் நடப்பதும் இங்கேதான். நிமிடம் நாற்பதில் தொடங்கினால் இறக்கிவைக்க நேரம் இருக்காது. அவள் அப்படியே கொதிப்போடு ஆட்டோவில் ஏறுவாள், அடுத்த வாரம் வர மாட்டாள். அன்று காலை கோர்ட் வாய்தா இருந்திருந்தால் செய்யக் கூடாது. சிகிச்சையாளருக்கே தாங்காமல் பாதியில் நிறுத்தித் தண்ணீர் நீட்டிவிட்டால், ‘இது இவங்களாலயும் கேட்க முடியாத விஷயம்’ என்ற செய்தியே அவளுக்குப் போகும். அழத் தொடங்கியதும் டிஷ்யூவைக் கையில் திணிப்பதுகூடச் சிலருக்கு ‘போதும், துடை’ என்று கேட்கும். பெட்டி எட்டும் தூரத்தில் இருந்தால் போதும்.

கூடவே இன்னொரு வேலையும் நடக்கும். அவள் தவிர்க்கும் இடங்களையும் பொருள்களையும் பட்டியலிட்டு, எளியதிலிருந்து கடினமானதுவரை படிப்படியாக நெருங்குவது. அவனுடைய ஹெல்மெட் இருக்கும் பரணை நிமிர்ந்து பார்ப்பது. அவன் நண்பர்களில் ஒருவனுக்குப் போன் செய்வது. பகலில் பஸ்ஸில் பைபாஸைக் கடப்பது. பட்டியலின் கடைசி வரியில் அவள் எழுதியது: ‘அவன் போனைத் திறந்து பார்ப்பது’. தினமும் சார்ஜ் போடுகிறாள், ஆனால் ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

நாவலாசிரியர் பதினாறு அமர்வையும் எழுத வேண்டியதில்லை. முதல் அமர்வு, கண்ணை மூடிச் சொன்ன முதல் நாள், அவள் வராமல் போன ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்றுமே நடக்காதது போலத் தெரிந்த ஓர் அமர்வு என்று நான்கு போதும். வராமல் போன நாள்தான் பெரும்பாலும் திருப்பம். "எனக்குப் புரியுது" என்று சிகிச்சையாளர் அவசரப்பட்டுச் சொன்னது அவளைத் தைத்திருக்கும். அதை அடுத்த வாரம் அவரே எடுத்துப் பேசி, தன் அவசரத்தை ஒப்புக்கொள்வது சிகிச்சையின் பகுதிதான். தவறே செய்யாத சிகிச்சையாளரைப் படைத்தால் இந்த வாய்ப்பு போய்விடும். எல்லை தாண்டும் சிகிச்சையாளரையும் கதைகளில் பார்த்துவிட்டோம்: நோயாளியைக் காதலிப்பவர், ராத்திரி வீட்டுக்கு வந்து நிற்பவர். நிஜத்தில் அது தொழில்நெறி மீறல்; அதை மனிதாபிமானமாகக் காட்டுவது, உதவி தேடி வருகிறவர்களுக்குத் தீங்கு.

விளிப்பும் கவனிக்கத்தக்கது. உளவியலாளர் முப்பத்தைந்து வயதுப் பெண் என்றால் அம்மா அவரை முதலில் "டாக்டர்" என்பாள். ‘நான் டாக்டர் இல்லம்மா, மாத்திரை தர மாட்டேன்’ என்று ஒருமுறை சொல்வார். பிறகு ‘மேடம்’. ஆறாவது வாரத்தில் தன்னை அறியாமல் "இல்ல கண்ணு" என்று வந்துவிடும். அந்த ஒரு சொல்லில் உறவு எங்கே வந்து நிற்கிறது என்பதை வாசகர் புரிந்துகொள்வார். அவளுடைய துயரமும் உடம்பின் மொழியில்தான் வரும்: நெஞ்சு அடைக்குது, வயிறு பத்திக்கிட்டு எரியுது, தலை பாரமா கிடக்கு. ‘டிப்ரஷன்’ என்று அவள் சொல்ல மாட்டாள். கல்லூரிக்குப் போகும் மகள் சொல்வாள். உடம்பைச் சொல்லும்போது உடம்பையும் பார்க்க வேண்டும் என்பதால் ஒரு பொது மருத்துவரின் பரிசோதனை கதையில் இருப்பது நியாயம்.

சுடுகாட்டுக்குப் போகாத அம்மா

மேற்கத்திய கையேடுகளில் இல்லாத ஒரு பள்ளம் நம் கதையில் இருக்கிறது. பல குடும்பங்களில் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். பிரேதப் பரிசோதனை முடிந்து துணி சுற்றி வந்த உடம்பு, முகம் மட்டும் கொஞ்சம் தெரிய, ஐஸ் பெட்டிக்குள் சில மணி நேரம். "ரொம்ப நேரம் வெக்கக் கூடாது" என்று ஆண்கள் அவசரப்படுத்த, வண்டி கிளம்பிவிடும். அவளுடைய கதையில் கடைசி இரண்டு மணி நேரம் காலியாகவே இருக்கிறது. அந்தக் காலியிடத்தை மனம் தானே நிரப்பிக்கொள்ளும். பார்த்ததைவிடப் பார்க்காதது கொடுமையாக வளரும்.

இங்கே அப்பாவின் உதவி தேவை. மூலக்கொத்தளத்தில் என்ன நடந்தது, யார் யார் இருந்தார்கள், அவன் தலைமாட்டில் எதை வைத்தார்கள் என்று அவர் அவளிடம் சொல்வது, அவர் வந்திருக்கும் ஓர் அமர்வில் நடக்கலாம். பதினான்கு மாதத்தில் அவரும் அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒப்பாரியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஒப்பாரியில் செத்தவரைப் பற்றிப் பேசுவதில்லை, செத்தவரிடமே பேசுகிறார்கள். என்னை விட்டுப் போனாயே, உன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு இருக்கே, யாருக்குக் கட்டுவேன் என்று முறையிடுவார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள். அன்பும் குறையும் கோபமும் அதில் சேர்ந்தே வரும். சிகிச்சையின் பின்பகுதியில் இறந்தவரோடு கற்பனையில் உரையாடும் பயிற்சி ஒன்று இருக்கிறது: அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு, அவராக இருந்து பதிலும் சொல்வது. ஒப்பாரியை அறிந்த சமூகத்துக்கு இது அந்நியம் அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று ஒப்பாரி அடங்கிப்போன சென்னையில், ஐம்பது நிமிட அறை அதற்குக் கிடைத்த இன்னொரு முற்றம் என்றே சொல்லலாம்.

சடங்குகள் எல்லாமே மருந்து என்று சொல்லவும் முடியாது. 16ஆம் நாள் காரியம் பலருக்கு நாள்கணக்கு தந்து தாங்கிப் பிடிக்கிறது. காரியம் முடிந்த மறுநாள் வீடு காலியாகி, விசாரிக்க வருகிறவர்களும் நின்றுபோக, துக்கம் அன்றுதான் முழு எடையோடு இறங்குகிறது. கணவனை இழந்தவளுக்குச் சில வீடுகளில் இன்னும் செய்யப்படும் சடங்குகள் காயத்தின் மேல் காயம். நாவல் இதைப் பூசி மெழுகக் கூடாது.

உடலே கிடைக்காத மரணம் தனி வகை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைக் குப்பங்கள் அதை அறியும். பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். காணாமல் போனவரைப் பற்றி 7 ஆண்டு எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் இறந்ததாகக் கருத இந்தியாவின் சாட்சியச் சட்டம் (2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம்) இடம் கொடுக்கிறது. அதுவரை அந்த வீட்டில் படத்துக்கு மாலை போடலாமா கூடாதா என்பதே தினசரிப் போராட்டம். அவர்களை ‘ஏற்றுக்கொள்’ என்று தள்ளுவது கொடுமை. இரண்டு சாத்தியத்தையும் சுமந்தபடி வாழக் கற்பதுதான் அங்கே சிகிச்சை.

யாரிடம் போகிறார்கள்

கதையில் அடிக்கடி குழம்பும் விஷயம் இது. மனநல மருத்துவர் மருத்துவப் படிப்பு படித்தவர். மருந்து எழுதுபவர் அவர். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர். பேச்சு சிகிச்சையும் சோதனைகளும் அவருடையவை, மாத்திரை எழுத மாட்டார். மனநல சமூகப்பணியாளர் குடும்பம், வேலை, உதவித்தொகை என்று வீட்டையும் வெளியையும் இணைப்பவர். ‘கவுன்சிலர்’ என்ற பெயர்ப்பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும் நிலை இருப்பதால், என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மருந்தைப் பற்றி ஒரு விளக்கம். 2016இல் ஷியர் குழுவினர் 395 பேரிடம் நடத்திய ஆய்வில், துக்க சிகிச்சையோடு மனச்சோர்வு மருந்தைச் சேர்த்துக் கொடுத்ததால் துக்கம் கூடுதலாகக் குறையவில்லை. சேர்ந்திருந்த மனச்சோர்வு அறிகுறிகளுக்கு மருந்து உதவியது. அந்த மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த தூக்க மாத்திரை மாதக்கணக்கில் தொடர்ந்து பழக்கமாகிவிடுவது சென்னை வீடுகளில் நடக்கும் கதை. அதை நாவலில் கொண்டுவரலாம், ஆபத்தையும் காட்டலாம்.

கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. இன்றும் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரைக் கேலிச் சொல்லாகப் பயன்படுத்துவது, அந்தக் கதவைத் தட்ட வேண்டியவர்களைத் தடுத்து நிறுத்துகிறது. கதைமாந்தர்கள் அதைச் சொல்வது இயல்பு. கதை அதை ஆமோதிக்கக் கூடாது. ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை ஆகியவற்றிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தற்கொலைத் தடுப்புக்கான சிநேகா அமைப்பு 1986 முதல் இந்த நகரத்தில் இயங்குகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவைக்கு 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. ‘உள்ள என்ன பேசினா?’ என்று அண்ணி வரவேற்பறையில் கேட்டால் பதில் கிடைக்காது. உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் மட்டும் வேறு, அதை முதல் அமர்விலேயே சொல்லிவிடுவார்கள். நடைமுறைச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு அறை வீட்டில் ஆன்லைன் அமர்வுக்கு உட்கார இடம் ஏது? மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில், இயர்போனை மாட்டிக்கொண்டு மகனைப் பற்றிப் பேசும் பெண்கள் இந்த நகரத்தில் உண்டு.

கால் பதிவு

இனி அந்தக் கைபேசி. பன்னிரண்டாம் அமர்வுக்கு அவள் அதைப் பையில் எடுத்து வருகிறாள். இத்தனை வாரத்தில் வெளியே வராத ஒன்று, கண்ணை மூடிச் சொன்ன ஏதோ ஒரு நாளில் வந்துவிட்டிருந்தது. பதினொன்னே முக்காலுக்கு அவள் கூப்பிட்டது முதல் தடவை இல்லை. அதற்கு முன்பே ஒருமுறை அடித்து, எடுக்கவில்லை என்று வைத்துவிட்டாள். அந்த அழைப்பை எடுக்கப்போய்த்தான் அவன் தடுமாறினானோ? அவள் சார்ஜ் போட்டுக் காத்துக்கொண்டிருந்ததும், திறக்கப் பயந்ததும் அந்தக் கால் பதிவை.

இங்கே எழுத்தாளருக்கு ஒரு வலுவான ஆசை வரும்: நேரத்தைப் பொருத்திக் காட்டி அவளை விடுவித்துவிடலாம் என்று. அதைச் செய்யாமல் இருப்பதே நேர்மை. பதிவில் தவறிய அழைப்பு 11.27. எஃப்ஐஆரில் ‘சுமார் 11.30 மணியளவில்’. விபத்து வழக்குகளில் அந்தச் ‘சுமார்’ எப்போதும் இருக்கும். பார்த்தவர்களின் நினைவிலிருந்து எழுதியது அது. முன்னேயா பின்னேயா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘உங்க தப்பு இல்லம்மா’ என்று சிகிச்சையாளர் அவசரப்பட்டால் அவள் நம்ப மாட்டாள், ஏனென்றால் அது அவருக்கும் தெரியாது. நடந்ததில் தெரிந்தது எது, தெரியாதது எது, அன்றைக்கு அவளுக்குத் தெரிந்திருக்கக் கூடியது எது என்று பிரித்து வைக்கத்தான் அவரால் உதவ முடியும்.

"மொதல் தடவ எதுக்கும்மா கூப்பிட்டீங்க?"

நெடுநேரம் பதில் இல்லை.

"தோசை ஊத்தவா, வெளிய சாப்ட்டுட்டியான்னு கேக்க."

மூன்று வாரம் கழித்துக் கற்பனை உரையாடலில் அவள் இதே கேள்வியை அவனிடம் கேட்பாள். அவனாக இருந்து பதில் சொல்ல வேண்டிய இடத்தில் என்ன வரும் என்பதை எழுத்தாளர் முன்கூட்டித் திட்டமிடாமல் இருப்பது நல்லது. எழுதும் நாளில் அவள் வாயில் எது வருகிறதோ அது. பதினாறு அமர்வும் முடிந்தபின் 28ஆம் நாள் திரும்ப வரும். ரீசார்ஜ் செய்கிறாளா, விட்டுவிடுகிறாளா? 90 நாள் பயன்பாடே இல்லாமல் போனால் எண் துண்டிக்கப்பட்டு வேறு யாருக்கோ போய்விடலாம். அவள் அந்தச் சிம்மைக் கழற்றித் தன் கைபேசியின் இரண்டாவது இடத்தில் போட்டுக்கொள்கிறாள் என்றும் எழுதலாம். அவனுடைய கைபேசி இனி பீரோவில், அவன் சட்டைகளோடு. பேங்கிலிருந்து அவன் பெயரிட்டு வரும் குறுஞ்செய்திகள் அவளுக்கு வரும். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் முழுதாக வாசிப்பாள்.